தக்காளி விதையும் நானும்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. ஆனால் முளைத்த பயிர் ஒரே இரவில் சாய்ந்து கிடப்பதைக் கண்டவர்களுக்குத்தான் அந்த முளையைக் காப்பது எத்தனை கடினம் என்று தெரியும். நான் கண்டேன். தாவரவியல் வகுப்பில் விதை முளைத்தலைப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய பிறகு கண்டேன் என்பதுதான் வெட்கத்துக்குரிய செய்தி.

எங்கள் அம்மாச்சி, தாத்தா காலமான பின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு தங்க வந்தார். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதனுள்ளே சாம்பலில் புரட்டிய தக்காளி விதைகள். அவர் கொல்லையில் பல ஆண்டுகளாக விளைந்த நாட்டுத் தக்காளி அது. தட்டையான பழம், ரசத்துக்கு ஏற்ற புளிப்பு. பூட்டிய வீட்டின் கொல்லையில் இப்போது ஒரு செடிகூட இல்லை. எண்ணினேன், 52 விதைகள்.

"நீதான் செடிகொடி படிக்கிறீல்ல, நீயே போடு தாயி" என்று என் கையில் கொடுத்தார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதையும், சென்னையில் நியாயவிலைக் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டில் நாலு செடி நின்றால் நல்லதுதானே என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

முதல் தோல்வி

ஆனி மாதத் தொடக்கத்தில் 30 விதைகளை எடுத்தேன். ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் தோட்டத்துக் களிமண்ணை நிரப்பி விதைத்தேன். தட்டின் அடியில் துளை இல்லை. வெயில் பட்டால் வாடுமே என்று சமையலறைக்குள் வைத்தேன். மூன்று வேளையும் தவறாமல் நீர் ஊற்றினேன்.

ஆறாம் நாள் முளைகள் கழுத்தை வளைத்துக்கொண்டு வெளிவந்தன. அடுத்த வாரத்தில் நூல் போல் உயர்ந்தன. நான் அதை வளர்ச்சி என்று எண்ணி மகிழ்ந்தேன். பதினான்காம் நாள் காலையில் பாதி நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. இரண்டே நாளில் மீதியும் போயின. தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர் கோத்து நைந்திருந்தது.

அம்மாச்சி தட்டைப் பார்த்தார். "கைப்பிள்ளைக்கு இம்புட்டுத் தண்ணியா ஊத்துறது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும். முடிச்சில் எஞ்சியவை 22.

ஏன் சாய்ந்தன?

இந்த நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்வாழ் நோய்க்கிருமிகள் இதை உண்டாக்குகின்றன. இவற்றுள் பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்திச் செல்ல வல்லவை. நீர் தேங்கிய மண் அவற்றுக்கு ராஜபாட்டை. அதே மண்ணில் நாற்றின் வேருக்கோ மூச்சுவிடக் காற்றில்லை. பகைவனுக்கு வழியும் திறந்து, பிள்ளையின் மூக்கையும் பொத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

நாற்றுகள் நீண்டதும் வளர்ச்சி அன்று. ஒளியைத் தேடிய தவிப்பு. மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கு ஈரம், காற்று, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இவை போதும். விதையிலைகள் வெளியே விரிந்த கணமே வெளிச்சம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தண்டு வெளிறி, மெலிந்து, நீளும். அப்படி மெலிந்த தண்டு நோய்க்கு எளிய இரை.

இரண்டாம் முயற்சி

துறைப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் புத்தகத்தில் உள்ளதையும், அம்மாச்சி அனுபவத்தில் உள்ளதையும் சொன்னார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். தமிழகத்தில் ஜூன், ஜூலை மாதங்கள் தக்காளி விதைக்க ஏற்ற பருவங்களில் ஒன்று. ஆடி பிறந்ததும் தொடங்கினேன்.

தேங்காய்ச் சிரட்டைகளின் கண்ணைக் குத்தித் துளையாக்கினேன். செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தேன். கலப்பதற்கு முன் செம்மண்ணில் கொதிநீரை ஊற்றி ஆறவைத்தேன். நாற்றழுகலைத் தடுக்க, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலப்பது முறை. என் 22 விதைகளுக்கு ஒரு சிட்டிகையே மிகுதி.

சிரட்டைக்கு இரண்டு விதையாக, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மெல்ல மூடினேன். ஆழமாகப் புதைத்தால், விதையில் இருக்கும் சிறு உணவு மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். மண் காயாமலிருக்க வைக்கோல் பரப்பி, பூவாளியால் நீர் தெளித்தேன். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிட்டுக் காலை வெயில் படும் திண்ணைக்கு மாற்றினேன். விரலால் மண்ணைத் தொட்டு, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டுமே, அதுவும் காலையில் மட்டுமே நீர் விட்டேன். நீர் ஊற்றாமல் இருப்பதுதான் எனக்குக் கடினமான வேலையாக இருந்தது!

இலைச்சுருட்டை வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ அண்டாமலிருக்கப் பழைய கொசுவலையால் மூடி வைத்தேன். 22 விதைகளில் 15 முளைத்தன, 13 நிலைத்தன.

இடம் மாற்றுதல்

சுமார் 25 நாளில் நாற்று நடவுக்குத் தயாராகும். அதற்கு ஒரு வாரம் முன்னதாக நீரைக் குறைத்து, வெயிலில் நிற்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நிழலில் வளர்ந்த நாற்றைத் திடீரென்று நடுவெயிலில் நட்டால் துவண்டுவிடும். நடும்போது தண்டின் அடிப்பகுதியும் மண்ணுக்குள் போகுமாறு சற்று ஆழமாக நடலாம். தக்காளித் தண்டு தன் பக்கங்களிலிருந்தே புது வேர் விடும் இயல்புடையது. மாலை வேளையே நடவுக்கு நல்லது. எட்டுச் செடிகளைக் கொல்லையில் நட்டேன். ஐந்தை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தேன்.

விதை எடுத்தல்

ஐப்பசி மழைக்கு நடுவே முதல் பழம் பழுத்தது. ரசத்துக்குக் கேட்டேன். "அது விதைக்கு" என்றார் அம்மாச்சி.

பழத்துக்குள் அவ்வளவு ஈரம் இருந்தும் விதை ஏன் அங்கேயே முளைப்பதில்லை? விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழும் பழச்சாறும் முளைப்பை அடக்கி வைக்கின்றன. எனவே கூழோடு விதையை ஒரு கிண்ணத்தில் இட்டு இரண்டு நாள் புளிக்கவிட்டோம். கூழ் கரைந்ததும் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டினோம். ஈரம் படாமல் வைத்தால் சில ஆண்டுகள் வரை முளைப்புத்திறன் நிற்கும்.

கடையில் வாங்கும் கலப்பினத் தக்காளியின் விதையைப் போட்டால் தாயைப் போன்ற செடிகள் கிடைப்பது உறுதியில்லை; அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். நாட்டு ரகம் அப்படியன்று. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால், நாட்டு ரகத்தின் விதை தாயின் குணத்தையே பெரிதும் காக்கிறது. அம்மாச்சியின் கொல்லைத் தக்காளி இத்தனை ஆண்டு மாறாமல் வந்ததன் இரகசியம் இதுவே.

மாணவ நண்பர்களே! அன்பு மிகுந்தால் நீரும் மிகுந்துவிடுகிறது. அளவறிந்து கொடுப்பதே நாற்றுக்குச் செய்யும் உதவி. 30 விதைகளைக் கொன்று நான் கற்ற பாடம் இது. இப்போது முடிச்சில் 200 விதைகளுக்கு மேல் இருக்கின்றன. வரும் ஆடியில் விதைக்க விரும்புவோர் எங்கள் துறைக்கு வந்தால் ஆளுக்குப் பத்து விதை தருவேன். அம்மாச்சி அனுமதி கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: முதல் பழம் விதைக்கு.