ஒரு கோலுக்கு இவ்வளவு நினைவா?

1994 செப்டம்பர் 21. போர்ட் வேல் என்ற சிறிய கிளப்போடு லீக் கோப்பை ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டின் சட்டையை அன்றுதான் முதல்முறையாகப் போட்டுக்கொண்டு களமிறங்கினார் 19 வயது பால் ஸ்கோல்ஸ். யுனைடெட் 2-1 என வென்றது. இரண்டு கோலும் அவர் அடித்தவை. அதே கிளப்புக்காக மொத்தம் 718 ஆட்டங்கள் ஆடி 155 கோல்கள் போட்டார். 2009 ஏப்ரல் 5 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக யுனைடெட்டின் மாற்று ஆட்டக்காரராக முதல்முறை இறங்கிய 17 வயது இத்தாலியர் ஃபெடெரிகோ மச்செடா அடித்தது ஒரே ஒரு கோல். யுனைடெட்டில் அவருடைய மொத்தக் கணக்கே 36 ஆட்டம், 5 கோல். ஆனாலும் யுனைடெட் ரசிகர்கள் நாலு பேர் கூடி, மறக்க முடியாத அறிமுக ஆட்டம் எது என்று பேச உட்கார்ந்தால் மச்செடாவின் பெயர் தானாக வந்து விழும். ஸ்கோல்ஸின் போர்ட் வேல் இரவை யாராவது எடுத்துக்கொடுத்தால்தான் உண்டு. என் கணிப்பில், ரசிகர்கள் அறிமுக ஆட்டத்தை ஆட்டக்காரரின் திறமையை வைத்து நினைவில் வைப்பதில்லை. அன்று கிளப்புக்கு எது இல்லாமல் இருந்ததோ, அதை அவர் கொண்டுவந்தாரா என்பதை வைத்தே வைக்கிறார்கள்.

மச்செடா இறங்கிய நாளின் நிலைமையைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு முன்புதான் சொந்த மைதானத்திலேயே லிவர்பூலிடம் 4-1 என்று அடிவாங்கியிருந்தது யுனைடெட். அடுத்து ஃபுல்ஹாமிடமும் தோல்வி. அந்த ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட யுனைடெட் ஆட்டக்காரர் வெய்ன் ரூனி தடையில் இருந்தார். முந்தைய நாள் லிவர்பூல் வென்று பட்டியலின் முதலிடத்துக்குப் போய்விட்டது. வில்லா 2-1 என முன்னால் நிற்கும்போது, பெரும்பாலான ரசிகர்கள் பெயரையே கேட்டிராத பையன் ஒருவனை உள்ளே அனுப்பினார் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். பத்து நிமிடம் மீதமிருக்கையில் கிறிஸ்டியானோ ரொனால்டோ சமன் செய்தார். 90 நிமிடமும் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களும் கரைந்துகொண்டிருந்தபோது சக ஆட்டக்காரர் கிக்ஸ் மச்செடாவிடம் பந்தைத் தள்ளிவிட்டார். அவர் கோலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். பின்னால் ஒரு தடுப்பாட்டக்காரர். குதிகாலால் பந்தைத் தொட்டு, அதே வீச்சில் உடலையும் திருப்பி, வலதுகாலால் வளைத்து அடித்தார். கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் தூரத்து மூலையில் போய் விழுந்தது பந்து. ஆட்டம் 3-2. முதலிடம் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டு லீக்கை யுனைடெட் வென்றது நான்கு புள்ளி வித்தியாசத்தில். இதோடு ஒப்பிட்டால் 1994 செப்டம்பரில் யுனைடெட்டுக்கு என்ன குறை? அந்த மே மாதம்தான் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றிருந்தது. வயிறு நிறைந்தவன் இலையில் விழுந்த லட்டு, ஸ்கோல்ஸின் அந்த இரண்டு கோல்.

கோலே அடிக்காத அறிமுகமும் நினைவில் நிற்பது இதனால்தான். 2003 ஆகஸ்ட் 16 அன்று போல்ட்டனுக்கு எதிராக 18 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோ கடைசி அரை மணி நேரம் மட்டுமே ஆடினார். பெக்காம் ரியல் மாட்ரிட்டுக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் விட்டுப்போன 7ஆம் எண் சட்டைதான் இந்தப் பையன் முதுகில். எதிரே நின்றவரைக் கால் வித்தையால் திணறவைத்தபோதெல்லாம் ஓல்ட் டிராஃபோர்ட் எழுந்து நின்றது.

இதற்கு எழும் வலுவான மறுப்பு வெய்ன் ரூனி. 2004 செப்டம்பர் 28, சாம்பியன்ஸ் லீக்கில் ஃபெனர்பாசேவுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக். மூன்றாவது கோல் ஃப்ரீ கிக். வயது 18. யூரோ போட்டியில் பாத எலும்பு முறிந்து மூன்று மாதம் ஆடாமல் இருந்தவர். இதை எந்தக் கிளப், எந்த நிலையில் இருந்தாலும் மறக்குமா? மறக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று கோல் தன் காலிலேயே நிற்கும். ஆனால் அந்த இரவைப் பற்றிய பேச்சில் இருக்கும் சூட்டுக்குக் கோல் கணக்கு மட்டும் காரணமல்ல. முந்தைய பருவம் முழுக்க ஆர்சனல் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டிருந்தது. யுனைடெட் மூன்றாம் இடம். ரூனி ஆடவந்த அன்றும் ஆர்சனலின் அந்த ஓட்டம் நிற்கவில்லை. அடுத்த மாதம் 49 ஆட்டத்தோடு அதை நிறுத்தியது யுனைடெட்தான். ரூனியின் 19ஆவது பிறந்தநாளில் நடந்த அந்த ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். ரசிகர் மனதில் இந்த இரண்டு நாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் சங்கடமானது: கோல்கீப்பர் மாசிமோ டைபி. 1999இல் பீட்டர் ஷ்மைகெல் போனபின் கோல் வாயில் வெறுமையாகத்தான் இருந்தது. டைபியின் முதல் ஆட்டம் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில். ஒரு தவறு செய்தாலும் பல பந்துகளைத் தடுத்து, ஆட்டநாயகனாகவும் தேர்வானார்; 3-2 வெற்றி. என் கணக்குப்படி அது நிலைத்திருக்க வேண்டும். நிலைக்கவில்லை. இரண்டே வாரத்தில் சவுதாம்ப்டனின் லெ டிசியே மெதுவாக உருட்டிய பந்து அவர் கைக்கும் காலுக்கும் அடியில் நழுவிப்போனது. அடுத்து செல்சியிடம் 5-0. நான்கு ஆட்டத்தோடு அவர் கதை முடிந்தது. அவர் அடைத்த ஓட்டை மறுபடி திறந்துகொண்டதும் முதல் நாளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இது அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆன்ஃபீல்டில் அவர் தடுத்த பந்துகள் கோலாகியிருந்தால் அன்றைய மூன்று புள்ளிகள் கிடைத்திருக்காது.

மச்செடாவை 'ஒரு நாள் ஹீரோ' என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 17 வயதில் அவர் அடித்த அந்தக் கோல் ஏதோ பெரிய வாழ்க்கைக்கான முன்பணம் என்று நினைப்பதால்தான், மீதி வரவில்லையே என்ற குறை வருகிறது. அவர் கணக்கு அந்த ஒரு நாளோடு முடியவும் இல்லை. வில்லா ஆட்டத்துக்கு ஆறு நாள் கழித்து சண்டர்லேண்டில் மறுபடி மாற்றாக இறங்கினார். சக ஆட்டக்காரர் கேரிக் அடித்த பந்து அவர் மேல் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. அந்த ஆட்டத்தையும் யுனைடெட் 2-1 என வென்றது.