60 டாலர் கேம், 50 டாலர் மிச்சக் கதை

படத்துக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தாச்சு. அப்போ ஒருத்தர் வந்து, "கதையில முக்கியமான கேரக்டர் ஒருத்தர் இருக்கார், அவரைப் பார்க்கணும்னா தனியா காசு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? 2012 மார்ச்சில் மாஸ் எஃபெக்ட் ரசிகர்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

கேம் பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மாஸ் எஃபெக்ட், கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய விண்வெளிக் கதை. முதல் பாகம் 2007-ல் வந்தது. நீங்கதான் கமாண்டர் ஷெப்பர்ட். யாரைக் காப்பாத்தினீங்க, யாரைக் கைவிட்டீங்க என்பதெல்லாம் சேவ் ஃபைல் வழியா அடுத்தடுத்த பாகத்துக்கும் வரும். மூணாவது பாகம் வர்றப்போ ஷெப்பர்டோட கூட்டாளிங்க நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி ஆகிடுவாங்க. அந்தப் பாசத்துக்குத்தான் விலை வெச்சாங்க.

கேம் 60 டாலர். அது வெளியான அதே நாளில் 'ஃப்ரம் ஆஷஸ்' என்ற டிஎல்சியும் வந்தது, 10 டாலர். அதில் வர்ற ஜாவிக், 50,000 வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன ப்ரோத்தியன் இனத்தின் கடைசி ஆள். முதல் பாகத்திலிருந்து எல்லாரும் துப்பு தேடிட்டிருந்த இனம் அது! காஸ்ட்லியான கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கினவங்களுக்கு மட்டும் அது உள்ளேயே இருந்தது. மெயின் கேம் வேலை முடிஞ்ச பிறகு தனியா செஞ்சதுன்னு பயோவேர் விளக்கம் கொடுத்தாங்க. ஆனா ஜாவிக் சம்பந்தப்பட்ட ஃபைல்களில் ஒரு பகுதி டிஸ்க்கிலேயே இருக்கறதை ரசிகர்கள் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் விளக்கத்தை யார் கேட்பாங்க?

கிளைமாக்ஸ் பிடிக்கலைன்னு எழுந்த கோபம் தனி. அதுக்காக ஜூன் மாசம் நீட்டிக்கப்பட்ட முடிவை இலவசமாவே கொடுத்தாங்க. அதோட நிக்கல. ஆகஸ்டில் 'லெவியத்தன்' 10 டாலர், நவம்பரில் 'ஒமேகா' 15, 2013 மார்ச்சில் 'சிட்டாடல்' 15.

கூட்டிப் பாருங்க. 10 + 10 + 15 + 15 = 50 டாலர். கேம் விலையே 60-தான்.

எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன். சிட்டாடல் பழைய நண்பர்கள் எல்லாரும் சேர்ற பார்ட்டி மாதிரி, இன்னைக்கும் ரசிகர்கள் கொண்டாடுறாங்க. ஒமேகாதான் பலருக்கு ஏமாற்றம். அதுவரை வந்ததைவிட விலை அதிகம், ஆனா சில மணி நேரத்துல முடிஞ்சிடும், முடிச்ச பிறகு மெயின் கதையில பெருசா எதுவும் மாறாது. என் கணக்குல அந்த 15 டாலர் வேஸ்ட்.

யாரும் ஒரே நாளில் 50 டாலர் எடுத்து வைக்கல. பத்து, பதினஞ்சுன்னு ஒரு வருஷத்துல போச்சு. அதுவும் அப்போ எக்ஸ்பாக்ஸில் விலை டாலர்ல தெரியாது, 800 பாயிண்ட்னு இருக்கும். அதுதான் 10 டாலர். பாயிண்டா பார்க்கும்போது கைக்காசு போற வலி தெரியறதில்ல. நம்ம ஃபுட் டெலிவரி பில்லும் இப்படித்தான் ஏறுது, மாசக் கடைசியில ஸ்டேட்மென்ட் பார்க்கும்போதுதான் தூக்கிவாரிப் போடும்.

2021 மே மாசம் 'லெஜண்டரி எடிஷன்' வந்தது. மூணு கேமும், ஒண்ணைத் தவிர அத்தனை கதை டிஎல்சியும் சேர்த்து 60 டாலர். ஜாவிக்கும் உள்ளேயே இருக்கார்.

"அதுக்கு ஒன்பது வருஷம் காத்திருக்கணுமா ப்ரோ?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். அதுக்குள்ள கிளைமாக்ஸை யாராவது போட்டு உடைச்சிருப்பாங்க. நண்பர்களோட சேர்ந்து முதல் வாரமே விளையாடற சந்தோஷத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கு. ஆனா எப்பவும் அவ்வளவு நாள் ஆகாது. அதே பயோவேரின் டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனை எடுத்துக்கோங்க. கதையின் உண்மையான முடிவு மாதிரி இருந்த 'ட்ரெஸ்பாஸர்' டிஎல்சி 2015 செப்டம்பரில் 15 டாலருக்கு வந்தது. அக்டோபரிலேயே அதையும் உள்ளே வெச்சு முழு எடிஷன் வந்துடுச்சு.

நான் இப்போ சம்பளத்துல பொழுதுபோக்குக்குன்னு ஒதுக்கற தொகையிலதான் கேம் வாங்கறேன், கிரெடிட் கார்டைத் தொடறதில்ல. டிஎல்சி வந்தா, முடிச்சவங்க என்ன சொல்றாங்கன்னு ரெண்டு வாரம் பார்ப்பேன். சீசன் பாஸ் மட்டும் முன்கூட்டியே வாங்கறதே இல்ல, இன்னும் எழுதாத கதைக்கு அட்வான்ஸ் கொடுக்க மனசு வரல. விஷ்லிஸ்ட்ல இப்போ ரெண்டு கேம் இருக்கு. ஒண்ணு சேலுக்கு வெயிட்டிங், இன்னொண்ணு முழு எடிஷனுக்கு.