செம்பனைக் காட்டில் சோம்பு வாசம்

மலேசியாவின் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வாசனைகள் மறக்காது. ஒன்று ரப்பர் மரத்துக் கட்டிப்பாலின் புளித்த நெடி. இன்னொன்று கோடாலித் தைலம். விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்பும் முன் என் அம்மா அதில் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்ப்பார். நெற்றிப்பொட்டில் தொட்டுக்கொள்வார். பிறகு கையை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு மூச்சை நீளமாக இழுத்து விடுவார். அதற்கப்புறம்தான் வாளியைத் தூக்குவார்.

இன்று அலுவலக மேசைகளில் நீராவி விடும் சிறு கருவிகளையும் வாசனை எண்ணெய்ப் புட்டிகளையும் பார்க்கிறோம். வேலையின் நடுவே மனத்தையும் உடம்பையும் நிதானத்துக்குக் கொண்டுவர மணத்தைத் துணைக்கு அழைப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. இதற்கு 'அரோமாதெரபி', அதாவது நறுமண சிகிச்சை என்ற பெயரைப் பரப்பியவர் ரெனே மொரீஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அந்தப் பெயரிலேயே 1937-இல் அவருடைய நூல் வெளிவந்தது. பெயர்தான் புதியது, சாம்பிராணியும் வேப்பிலையும் நொச்சி ஆவியும் நம் வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை.

மணத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்குத் தோட்டமே சாட்சி. பெஸ்தாரி ஜெயா முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டது. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். செம்பனையின் ஆண்பூங்கொத்து விரிந்திருக்கும் நேரத்தில் கிட்டே போய் நின்று பாருங்கள், சோம்பு வாசம் வீசும். எஸ்ட்ரகோல் என்ற பொருள்தான் அந்த வாசத்துக்குக் காரணம். திருநீற்றுப்பச்சிலையிலும் அது உண்டு. ஒரு சிறு கூன்வண்டு அந்த மணத்தைத் தேடி வரும். பெண்பூவும் இடையிடையே அதே மணத்தை வீசுவதால், உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டிய வண்டு அங்கேயும் போய் இறங்கும். குலை காய்ப்பது அதனால்தான். இந்த வண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனைச் சேர்ந்தது. ரஹ்மான் சையது என்ற பூச்சியியலாளரின் ஆய்வுக்குப் பிறகு 1981-இல் மலேசியாவில் விடப்பட்டது. அதுவரை பல தோட்டங்களில் ஆட்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாசனை அந்த வேலையையே மாற்றிவிட்டது.

நம்மிடம் மணம் எப்படி வேலை செய்கிறது? மூக்கின் மேற்கூரையில் அஞ்சல்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 400 வகை உணர்விகள் உள்ளன. இந்த உணர்விகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் உள்ளே போகும். மணத்துக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. அச்சத்தையும் பாசத்தையும் ஆளும் அமிக்டலாவுக்கும், நினைவைச் சேமிக்கும் பகுதிக்கும் அது நெருங்கிய குறுக்குவழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் தைலப் புட்டியைத் திறந்ததும் முதலில் அம்மாவின் முகம் வருகிறது. தைலத்தின் பெயர் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

தைலத்தின் குளிர்ச்சி வேறு கதை. அதிலுள்ள மென்தால், தோலிலும் மூக்கிலும் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. மூக்கடைப்பு விட்டதுபோல் தோன்றும். ஆனால் மூக்கின் துவாரம் அகலமாகியிருக்காது. காற்று நன்றாகப் போகிறது என்ற உணர்வு மட்டும் கூடியிருக்கும். களைத்துப்போனவருக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல்.

லயத்து வீடுகளின் பின்கட்டில் வளரும் செராய், அதாவது எலுமிச்சைப் புல், நறுமண சிகிச்சைக்கு நல்ல அறிமுகம். ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கினால் சிட்ராலின் மணம் எழும். எண்ணெய் எடுப்பவர்கள் புல்லை அரை நாள் வாடவிட்டு, நறுக்கிக் கொப்பரையில் அடைத்து, அடியிலிருந்து நீராவியைச் செலுத்துவார்கள். ஆவியோடு மணப்பொருளும் மேலே ஏறும். குளிர்ந்த குழாயில் திரவமாகி இறங்கிய பின் தண்ணீர் கீழேயும் எண்ணெய் மேலேயுமாகப் பிரியும். நூறு கிலோ புல்லுக்கு ஏறக்குறைய அரை கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ஒரு சொட்டில் எவ்வளவு புல் அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அதை ஏன் அளந்து பயன்படுத்த வேண்டும் என்பதும் புரியும்.

நறுமணத்தால் உண்மையிலேயே மனம் அமைதியாகிறதா? லாவெண்டர் போன்ற மணங்கள் பதற்றத்தை ஓரளவு தணிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பலவும் சிறிய ஆய்வுகள். கலந்துகொள்பவருக்கு வாசனை தெரிந்துவிடும் என்பதால் எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்தறிவதும் கடினம். மணத்தை முகரும்போது மூச்சும் நிதானப்படுகிறது. அதுவே பாதி மருந்து. மீதியைப் பழக்கம் தருகிறது. ஓய்வெடுக்கும்போதெல்லாம் ஒரே மணத்தை முகர்ந்து வந்தால், நாளடைவில் அந்த மணம் பட்டதுமே உடம்பு ஓய்வுக்குத் தயாராகும்.

வேலையிடத்தில் செய்ய வேண்டியது எளிது. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, இடைவேளையில் நான்கைந்து மூச்சு இழுத்து, மடித்து வைத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கருவியை ஓடவிடுவதில் பலனில்லை. சில நிமிடங்களில் மூக்கு பழகிப்போகும். பக்கத்து மேசைக்காரருக்கு ஆஸ்துமா இருந்தால் அவருக்குத் தொந்தரவும் ஆகும். தோலில் தடவுவதானால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். எலுமிச்சைத் தோல் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கறுக்கும். குலை வெட்டப் போகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. எந்த எண்ணெயையும் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்கும், பிறந்தவுடன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஜி6பிடி நொதிக் குறைபாடு தெரிந்த பிள்ளைகளுக்கும் கற்பூரமோ மென்தாலோ சேர்ந்த தைலத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

மருந்தடிக்கும் அக்காமாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லியை யாரும் தவறிக் குடித்துவிடக் கூடாது என்றுதான் அதில் துர்நாற்றப் பொருளைச் சேர்த்தார்கள். அந்த மருந்து 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. நாற்றம் ஓர் எச்சரிக்கை. மூக்குக்குக் கீழே தைலம் தடவி அதை மறைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். முகக்கவசத்தையும் கையுறையையும் கேட்டு வாங்குங்கள். தலை சுற்றினால் தைலத்தைத் தேடாமல் காற்றோட்டமான இடத்துக்குப் போய், கிளினிக்கில் காட்டுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகு அம்மா செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டே சொட்டு. தினமும் அதே மணம். வேலைக்கு முன் தனக்கென்று ஒரு நீண்ட மூச்சு. பிறகு மூடியை இறுக்கி, புட்டியை இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டு, இருட்டில் பால்மரக் காட்டுக்கு நடப்பார்.