உடைந்த பிறகும் நிற்கும் கண்ணாடி

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சென்னையில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில், மாடிப்படித் திருப்பத்தில் ஆளுயரத்துக்கு நின்ற கண்ணாடி ‘படார்’ என்று வெடித்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில் நாலைந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மட்டையைக் கையில் வைத்திருந்த பத்து வயதுப் பையன் மேல் பழி விழுந்தது. “பந்து அந்தப் பக்கமே போகலை அங்கிள்” என்று அவன் அழுதுகொண்டே சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். கண்ணாடிக்கான பணத்தை அவனுடைய அப்பா கொடுத்துவிட வேண்டும் என்று சாயங்காலத்துக்குள் பேச்சாகிவிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது கண்ணாடி சட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மேற்கு வெயில் தாங்காமல் யாரோ உள்பக்கம் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாள்தான் ஆயிரக்கணக்கான சில்லுகளை உதிராமல் பிடித்து வைத்திருந்தது. சில்லுகள் எல்லாம் கற்கண்டு அளவு. விரிசல்கள் ஓரிடத்தில் புறப்பட்டு நாலா பக்கமும் ஓடியிருந்தன. புறப்பட்ட இடத்தில் மட்டும், மற்றவற்றைவிடப் பெரிதாக இரண்டு துண்டுகள், வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல ஒட்டி நின்றன. அவை சேரும் கோட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி. மேற்பரப்பில் அடிபட்ட தடம் எங்குமே இல்லை.

அறுதியிட்டுச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். ஆனாலும் கண்ணாடித் துறையில் இருப்பவர்கள் இந்த வண்ணத்துப்பூச்சியைக் கண்டதுமே ‘நிக்கல் சல்பைடு’ என்று சொல்லிவிடுவார்கள். கண்ணாடி உருகும்போது எங்கிருந்தோ ஒரு துணுக்கு நிக்கல் வந்து சேர்கிறது. இயந்திரத்தின் துருப்பிடிக்காத எஃகுத் துகளாகக்கூட இருக்கலாம். அங்கே இருக்கும் கந்தகத்தோடு கூடி அது மணி போல உறைந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும். இந்த மணிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. சூட்டில் ஒன்று, குளிர்ந்த பின் சற்றே பெரிதான இன்னொன்று. கண்ணாடியை மெதுவாக ஆறவிட்டால், மணி தன் பெரிய வடிவத்துக்கு நிதானமாக மாறிக்கொள்ளும், ஆபத்தில்லை. சட்டென்று குளிரவைத்தால் சூட்டு வடிவத்திலேயே சிக்கிக்கொள்கிறது. பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வீங்குகிறது. ஒருநாள், காற்றுகூட அடிக்காத வேளையில், கண்ணாடி தானாக வெடிக்கிறது.

இதைக் கண்டறியவே ஒரு பெரிய கட்டடம் அடிபட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1958இல் ஐ.சி.ஐ. ஹவுஸ் எழுந்தபோது அந்த நாட்டிலேயே உயரமான கட்டடம் அதுதான். உடம்பெல்லாம் கண்ணாடி. சில வருடங்களிலேயே அதன் டஃபண்ட் கண்ணாடிப் பலகைகள், அதாவது இப்படிச் சட்டென்று குளிரவைத்துப் பலமேற்றிய பலகைகள், காரணமே தெரியாமல் உடைந்து விழத் தொடங்கின. அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாலன்டைன் என்பவர் உடைந்த துண்டுகளை ஆராய்ந்து, 1961இல் நிக்கல் சல்பைடைக் கையும் களவுமாகப் பிடித்தார். அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நம் அடுக்குமாடிகளில் இன்றைக்கும் பந்து விளையாடும் பிள்ளைகள்தான் குற்றவாளிகள்.

வீடு கட்டும்போதும் அலுவலகம் கட்டும்போதும் கண்ணாடி என்றாலே நம் ஊரில் வரும் பதில் ஒன்றுதான்: “டஃபண்ட் போட்டுடலாம் சார், கவலையே வேண்டாம்.” எவ்வளவு பலம் என்று கேட்கிறோம், உடைந்தால் எப்படி உடையும், துண்டுகள் எங்கே போகும் என்று கேட்பதே இல்லை. தலைக்கு மேல் நிற்கும் கண்ணாடிக்கு இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஆர்க்கிடெக்டுகளுக்குத் தெரியும், வீடு வாங்குகிறவர்களுக்கு அநேகமாகத் தெரியாது. ஹீட் ஸ்ட்ரென்தன்டு கிளாஸ். துறையில் சுருக்கமாக ‘ஹெச்.எஸ்.’

முதலில் கண்ணாடிக் கடையில் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் சாதாரணக் கண்ணாடியைப் பார்ப்போம். இன்று இதெல்லாம் ஃப்ளோட் கிளாஸ். உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு எடுக்கும் முறை. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகுக்கு அறிவித்தது. கடைக்காரர் கட்டர் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுப்பார். ‘சர்ர்’ என்று ஒரு சத்தம், முடி போல ஒரு கோடு. மேஜை விளிம்பில் வைத்து லேசாக அழுத்தினால் கோட்டோடு பிளந்துவிடும். அவ்வளவு சிறிய கீறல் போதும். கண்ணாடி அமுக்கத்தை நன்றாகவே தாங்கும், இழுவையைத் தாங்காது. மேற்பரப்பில் நம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். வளையும்போது அவை வாய் திறந்துகொள்கின்றன.

டஃபண்ட், ஹெச்.எஸ். இரண்டுமே இந்த வாயை இறுக்கி மூடி வைக்கும் வழிகள்தான். முன்பே அளவாக வெட்டி, துளை போட்டு, ஓரம் தேய்த்த கண்ணாடியை உருளைகளின் மேல் உலைக்குள் அனுப்புகிறார்கள். ஏறத்தாழ 620 டிகிரி செல்சியஸ் வரை சூடு. வெளியே வந்ததும் இரு பக்கமும் காற்றை ஊதிக் குளிர வைக்கிறார்கள். தோல் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் சூடான பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது தோலையும் சேர்த்து உள்நோக்கி இழுக்கிறது. ஆக, தோல் நிரந்தரமான அமுக்கத்திலும் நடுப்பகுதி நிரந்தரமான இழுவையிலும் மாட்டிக்கொள்கின்றன. இனி கீறல் வாய் திறக்க வேண்டுமானால் முதலில் அந்த அமுக்கத்தை வெல்ல வேண்டும். இந்த வேலைக்குப் பிறகு அந்தக் கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் வேகத்தில் இருக்கிறது. டஃபண்டுக்குப் பெரும் இரைச்சலோடு காற்று வந்து அறையும். ஹெச்.எஸ்.ஸுக்கு நிதானமாக ஊதுவார்கள். அமெரிக்கத் தரநிர்ணயப்படி டஃபண்டின் தோலில் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 10,000 பவுண்டு அமுக்கம் இருக்க வேண்டும். ஹெச்.எஸ்.ஸில் அது 3,500க்கும் 7,500க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம். காற்றைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் இரண்டுங்கெட்டானாகி, எப்படி உடையும் என்று சொல்ல முடியாமல் போய்விடும். கனமான கண்ணாடியில் இந்த நிதானத்தைக் கொண்டுவருவது கடினம். அதனால் இது பெரும்பாலும் 10, 12 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது.

பலத்தில் சாதாரணக் கண்ணாடியைப் போல ஹெச்.எஸ். சுமார் இரண்டு மடங்கு, டஃபண்ட் நாலு மடங்கு. இங்கேதான் எல்லோரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். நாலு பெரிதா, இரண்டு பெரிதா?

உடையும் விதத்தைப் பார்க்காமல் எடுக்கும் முடிவு அது. டஃபண்டின் நடுப்பகுதியில் அடைபட்டிருக்கும் விசை அதிகம். ஓரிடத்தில் விரிசல் விழுந்தால் அத்தனையும் ஒரு நொடிக்குள் அவிழ்ந்துகொள்ளும். முழுப் பலகையும் மழுங்கிய சின்னச் சில்லுகளாகிவிடும். கதவில், குளியலறையில், மனிதர் மோதக்கூடிய இடத்தில் இது உயிர் காக்கும் குணம். ஈட்டி போன்ற துண்டு கிடையாது. ஆனால் பத்தாவது மாடியில் அதே பலகை சட்டத்தைவிட்டு மொத்தமாக உதிர்கிறது; அதுவும் பல நேரம் தனித்தனிச் சில்லாக இல்லாமல், கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு கீழே வருகிறது.

ஹெச்.எஸ். அப்படி வெடிக்காது. உள்ளே இருக்கும் விசை குறைவு என்பதால் விரிசல் அடிபட்ட இடத்திலிருந்து விளிம்புவரை ஓடி நின்றுவிடும். துண்டுகள் பெரியவை, ஒவ்வொன்றின் ஒரு பக்கம் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும். ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். நிக்கல் சல்பைடு மணி உள்ளே இருந்தாலும், அதற்குத் துணைபோகும் அளவுக்கு இழுவை இல்லாததால் தானாக உடைவது மிக மிக அரிது. டஃபண்டுக்கு இதற்கென்று தனியாக ‘ஹீட் சோக்’ சோதனை செய்ய வேண்டியிருக்கிறது. பலகைகளை மறுபடி சூடேற்றி வைத்திருந்து, வெடிக்க வேண்டியவற்றைத் தொழிற்சாலையிலேயே வெடிக்கவிடுவது. அந்தச் சோதனை நடந்ததா என்று பில்லில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அக்காவின் அடுக்குமாடியில் எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

நம் ஊருக்கு ஹெச்.எஸ். பொருந்துவதற்கு இன்னொரு காரணம் வெயில். கலர் கண்ணாடியும் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியும் வெயிலைக் குடித்துச் சூடாகின்றன. நடுப்பகுதி விரிகிறது, அலுமினியச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஓரமோ குளிர்ந்தே இருக்கிறது. விரியும் நடு, விரியாத ஓரத்தை இழுக்கிறது. சாதாரணக் கண்ணாடி இந்த வித்தியாசம் 40 டிகிரியைத் தொட்டாலே திணறும். ஓரம் சரியாகத் தேய்க்காமல் சொத்தையாக இருந்தால் அதற்கு முன்பே போய்விடும். விளிம்பில் செங்குத்தாகப் புறப்பட்டு, சில அங்குலம் போனதும் ஆற்றைப் போல வளைந்து ஓடும் ஒற்றை விரிசலைப் பார்த்தால், அது கல்லடி இல்லை, வெயிலடி. கண்ணாடியை ஒட்டிக் கனமான திரை போடுவதும், ஏ.சி. காற்று நேராக அதன்மேல் அடிப்பதும், பழைய சாதாரணக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதும் இதை மோசமாக்கும். ஹெச்.எஸ். சுமார் 100 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கும். டஃபண்ட் 200 தாங்கும் என்பது உண்மைதான். சன்னலுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை.

அழகிலும் ஹெச்.எஸ். ஒரு படி மேல். காற்று அறைந்து குளிர்ந்த டஃபண்டில் நெளிவு கூடுதலாக இருக்கும். எதிர்க் கட்டடத்தின் பிம்பம் அதில் தண்ணீரில் விழுந்த நிழல் போல அலையும். சாயங்கால வெளிச்சத்தில் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒரு காரின் பின்கண்ணாடியைப் பாருங்கள். வரிசை வரிசையாகச் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். காற்று ஊதிய குழாய்களின் தடம் அது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தனிப் பலகையாக ஹெச்.எஸ். ‘சேஃப்டி கிளாஸ்’ ஆகாது. அதன் துண்டு பெரிது, கூர்மையானது; ஒருவர் அதில் மோதி விழுந்தால் கிழித்துவிடும். நம் நாட்டில் ஐ.எஸ். 2553 தரமும் பாதுகாப்புக் கண்ணாடி என்று டஃபண்டையும் லேமினேட்டடையும்தான் ஏற்கிறது. எனவே கதவுக்கும், தரையோடு இறங்கும் பலகைக்கும் தனி ஹெச்.எஸ். கூடவே கூடாது.

இரண்டு ஹெச்.எஸ். பலகைகளை நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டி லேமினேட்டட் ஆக்கிவிட்டால் கதை மாறுகிறது. பால்கனித் தடுப்பு, போர்ட்டிகோவுக்கு மேலே நீட்டிய கண்ணாடிக் கூரை, மாடி முற்றத்தின் மேல்மூடி எல்லாவற்றுக்கும் நான் பரிந்துரைப்பது இந்தச் சோடியைத்தான். இரண்டு டஃபண்டை ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். இரண்டும் உடைந்துவிட்டால், சில்லுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் விறைப்பு போய், ஈரப் போர்வை போலத் தொய்ந்து சட்டத்தைவிட்டு நழுவும். ஹெச்.எஸ்.ஸின் பெரிய துண்டுகளோ படலத்தின் இருபுறமும் ஒன்றின் விரிசலை இன்னொன்று மூடிக்கொண்டு, உடைந்த பிறகும் பாரம் தாங்கும்.

கனடாவின் டொரன்டோ இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2011 கோடையில் அந்த நகரின் புதிய அடுக்குமாடிகளில் பால்கனிக் கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து தெருவில் விழுந்தன. நடைபாதைகளை மூட வேண்டியிருந்தது. மறு வருடமே ஒன்டாரியோ மாகாணம் கட்டட விதியைத் திருத்தியது. தளத்தின் விளிம்பை ஒட்டியோ வெளியே நீட்டியோ நிற்கும் தடுப்புக் கண்ணாடி, ஹெச்.எஸ். லேமினேட்டடாகவே இருக்க வேண்டும் என்றது.

ஹெச்.எஸ்.ஸும் டஃபண்டும் ஒரே மாதிரி உலையில்தான் தயாராகின்றன. கேட்டால் கிடைக்கும், கேட்பதுதான் இல்லை.

அன்று சாயங்காலம் அசோசியேஷன் ஆட்களை மாடிப்படிக்கு அழைத்துப் போய் அந்த வண்ணத்துப்பூச்சியைக் காட்டினேன். பையனின் அப்பா பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு அதே இடத்தில் ஹெச்.எஸ். லேமினேட்டட் போட்டார்கள். ஐப்பசியில் பெயின்ட் அடிக்கக் கட்டிய சாரத்தின் குழாய் ஒன்று சரிந்து அதன்மேல் மோதியது. வெளிப்பலகையில் மேலிருந்து கீழாக மூன்று விரிசல்கள். புதிது வந்து சேரும்வரை, பதினெட்டு நாள், இரண்டு மழையோடு, அது அப்படியே நின்றது. அந்தப் பையன் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். உள்பக்கமிருந்து விரிசல் மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டினான்.

“கண்ணுக்குத் தெரியுது அங்கிள், விரலுக்குத் தட்டுப்படவே இல்லை” என்றான்.