நெற்பயிர் கதிர் விடும் காலம் எவ்வாறு அமைகின்றது?

மாவீ இன நெல்லைச் சிறுபோகத்தில் விதைத்தால், பயிர் செழித்து வளரும். ஆனால் எதிர்பார்த்த நாளிற் கதிர் விடாது. நீரும் பசளையும் குறைவின்றி இருப்பினும் கதிர் பிந்துவதேன்?

நெற்பயிரின் ஒவ்வொரு கலத்திலும் இலை, தண்டு, கதிர் ஆகிய யாவற்றையும் ஆக்குதற்கு வேண்டிய பரம்பரை அலகுகள் உள்ளன. அவை எல்லாம் ஒருங்கே தொழிற்படுவதில்லை. வாய்க்காலில் நீர் நிறைந்திருந்தாலும் மடை திறந்த வயலுக்கே அது பாயும். அவ்வாறே, எந்த அலகு எப்பொழுது தொழிற்படல் வேண்டும் என்பதை ஒழுங்காக்கும் புரதங்கள் தீர்மானிக்கின்றன.

இவற்றுள் ஒன்று எச்.டி.1 என்பது. பகல் நீண்டிருக்கும்போது இது கதிர் விடுதலைத் தடுக்கின்றது. பகல் குறுகியதும் அதுவே கதிர் விடுதலைத் தூண்டுகின்றது. அப்பொழுது இலைகளில் எச்.டி.3ஏ என்னும் வேறொரு புரதம் உண்டாகின்றது. இப்புரதம் இலையிலிருந்து குருத்தின் நுனிக்குச் செல்வதை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2007 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நுனியை அடைந்த புரதம் அங்குள்ள வேறு புரதங்களுடன் கூடிக் கதிரை ஆக்கும் அலகுகளைத் தொழிற்படச் செய்கின்றது. அதுவரை இலைகளைத் தோற்றுவித்த நுனி கதிராக மாறத் தொடங்குகின்றது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சிறிது கூடியதே. இச்சிறு வேறுபாட்டையும் பகலின் நீளத்தை உணரும் இனங்கள் அறிகின்றன. இத்தகைய இனங்களில், இரவில் மின்விளக்கின் ஒளி படும் வரம்போரப் பயிர் பிந்திக் கதிர் விடுவதற்கும் இதுவே காரணம். ஆகவே மாவீ இனங்கள், பகல் குறுகிச் செல்லும் பெரும்போகத்துக்கே உரியன. பீ.ஜீ. 300, பீ.ஜீ. 352 போன்ற இனங்களைப் பகலின் நீளம் அதிகம் பாதிப்பதில்லை. அவற்றை இரு போகங்களிலும் செய்கை பண்ணலாம்.

கதிர் வெளியே தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னரே தண்டினுள் அது உருவாகத் தொடங்கிவிடும். மூன்றரை மாத இனத்தில் இது விதைத்து 40 தொடக்கம் 45 நாட்களில் நிகழும். அக்காலத்தில் வயலின் பல இடங்களிலிருந்து சில தாய்த் தண்டுகளைப் பிடுங்கி, அடிப்பகுதியை நீளவாக்கிற் பிளந்து பார்த்தல் வேண்டும். கணுக்களுக்கு மேல் ஓரிரு மில்லிமீற்றர் நீளமுள்ள வெண்ணிறப் பஞ்சு போன்ற முனை காணப்படின், இளங்கதிர் தோன்றிவிட்டது என அறியலாம்.

கதிருக்குரிய யூரியாவை இடுவதற்கு ஏற்ற தருணம் இதுவே. பிந்தி இடின் மணிகளின் தொகை கூடாது. இப்பருவத்தில் வயல் நீரின்றிக் காய்ந்தால் மணிகள் குறையும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் அவ்விழப்பை ஈடு செய்தல் இயலாது. ஆதலால் நாட்களை எண்ணுவதோடு அமையாது, தண்டைப் பிளந்து பார்த்தே பசளை இடும் கமக்காரர் நற்பயன் அடைவர்.