உங்களுக்குத் தெரியுமா? கலன் உப்பலாம், ஆனால் கிழியக் கூடாது!

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில், திரவ சோடியம் நிரம்பிய பிரதான கலனின் விட்டம் சுமார் 12.9 மீட்டர். உலையின் மையப்பகுதி உருகிச் சிதறினால் அந்த எஃகுக் கலன் தாங்குமா? நிஜக் கலனில் வெடிவைத்துப் பார்க்க முடியாதே! அதனால் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் ‘ஃபஸ்டின்’ என்ற கணினி நிரலை எழுதினார்கள். 100 மெகாஜூல் ஆற்றல் சட்டென்று வெளிப்பட்டால் சுவர் எங்கே உப்பும், சோடியம் எப்போது மேலெழும்பி மூடியை அறையும் என்று மில்லிநொடிக் கணக்கில் அது சொல்லும்.

கணினி சொன்னதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை; போற்ற வேண்டியது இதைத்தான். பதின்மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரிக் கலன்கள் செய்து, சோடியத்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் உண்மையாகவே வெடிவைத்துப் பார்த்தார்கள். கலன் உப்பும்போது, உடையாமல் நீண்டுகொடுக்கும் எஃகின் குணமே அதிர்ச்சியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.