வீட்டுக் கடனை வெட்டிக் குறைக்கும் கணக்கு நோட்டு

வீடு வாங்கியாகிவிட்டது. பால் காய்ச்சியாகிவிட்டது. ஊரில் இருந்து வந்த உறவினர்களும் ரயில் ஏறிவிட்டார்கள். அடுத்த மாதம் 5-ந் தேதி சம்பளக் கணக்கில் இருந்து முதல் தவணை போகிறது.

அன்று இரவுதான் மும்பைத் தமிழர் பலருக்கும் அந்தக் கேள்வி எழுகிறது. இந்தக் கடன் முடியும்போது நமக்கு என்ன வயது ஆகியிருக்கும்?

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாடகைக்கு இருந்தவர்கள், பத்லாப்பூர், டிட்வாலா, நாலாசோப்பாரா என்று மின்சார ரயில் போகும் தூரம் எல்லாம் போய் வீடு வாங்குகிறார்கள். தங்கை கல்யாணம், ஊர்க் கடன், அப்பாவின் வைத்தியம் எல்லாம் முடிந்த பிறகுதான் தனக்கென்று ஒரு வீடு. அதற்குள் பலருக்கு வயது நாற்பதைத் தொட்டுவிடுகிறது. இருபது வருடத் தவணை என்றால் அறுபதில் முடியும். வேலையோ பல கம்பெனிகளில் 58-லேயே முடிந்துவிடும். கடைசி இரண்டு வருடத் தவணையை யார் கட்டுவது?

பிராவிடண்டு பண்டில் இருந்து கட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது முதுமைக்கு வைத்த சோறு. அதில் கை வைக்காமல் முடிக்க வழி இருக்கிறதா என்பதே பேச்சு.

ஒரு குமாஸ்தாவின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. பத்லாப்பூரில் வீடு. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கடன் ரூ.20 லட்சம். வட்டி 8.5 சதவீதம். 20 வருடம். மாதத் தவணை ரூ.17,356.

முதல் மாதத் தவணையில் ரூ.14,166 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது ரூ.3,190 மட்டும்!

ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார். மொத்தம் ரூ.10 லட்சத்து 41 ஆயிரம் கட்டியிருப்பார். அசல் எவ்வளவு குறைந்திருக்கும்? ரூ.2 லட்சத்து 37 ஆயிரம்தான். பேங்க் ஏமாற்றவில்லை. கணக்கே அப்படித்தான். ஆரம்பத்தில் அசல் பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிதாக இருக்கிறது.

இதே குமாஸ்தா முதல் மாதத்தில் இருந்தே ரூ.2,000 கூடுதலாகக் கட்டினால்? வட்டி விகிதம் மாறாவிட்டால், 240 மாதக் கடன் 187 மாதத்தில் முடிகிறது. நாலு வருடம் ஐந்து மாதம் மிச்சம். வட்டியில் சுமார் ஐந்தரை லட்சம் மிச்சம். அறுபதில் முடிய வேண்டியது, ஐம்பத்தாறு நிறைவதற்குள் முடிந்துவிடும்.

“கொஞ்சம் வசதி வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று பத்து வருடம் கழித்து அதே ரூ.2,000-ஐக் கட்டத் தொடங்கினால், குறைவது பதினெட்டு மாதம்தான். மிச்சமாகும் வட்டி ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்தை ஒட்டி. தொகை அதேதான். காலம் தள்ளிப்போனதற்குத்தான் இந்த நஷ்டம்.

இரண்டாயிரம் எங்கே இருக்கிறது?

“சம்பளமே பற்றவில்லை, இதில் இரண்டாயிரத்துக்கு எங்கே போவது?” என்று எவரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

அன்றாடம் செலவாவதை அன்றன்றே எழுதுவது. சொல்ல எளிது. முதல் வாரம் எல்லோரும் எழுதிவிடுவார்கள். இரண்டாவது வாரம் நோட்டு பிரிட்ஜ் மேலே போய்விடும். மூன்றாவது வாரம் அதன் மேல் மின்சார பில் இருக்கும்.

பாதியில் நின்றுபோவதற்கு முக்கியமான காரணம் சண்டை. மனைவி நோட்டை வைத்துக்கொண்டு, “என்னங்க, செவ்வாய்க்கிழமை எடுத்த நூறு ரூபாய் எங்கே?” என்று கேட்கிறார். கணவர், “எதுக்கோ போச்சு. என்ன, என்னைத் திருடன்னு நினைச்சியா?” என்கிறார். அதோடு நோட்டு மூடப்படுகிறது. கணக்கு நோட்டு போலீஸ் ஸ்டேஷன் இல்லை. முதல் மூன்று மாதம் யாரும் யாரையும் கேட்கக்கூடாது. எழுதுவது மட்டும்தான். கூட்டிப் பார்ப்பது மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து.

இன்னொரு விரோதி, ‘இதர செலவு’ என்ற தலைப்பு. எதை எழுத வெட்கமோ, எது மறந்துபோனதோ, எல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தத் தலைப்பே நோட்டில் இருக்கக்கூடாது. வடா பாவ் என்றால் வடா பாவ் என்றே எழுத வேண்டும். இப்போது சில்லறைக்குக்கூட போனைக் காட்டிப் பணம் கொடுக்கிற காலம். கையில் இருந்து காசு போவது தெரிவதில்லை. ஒரு வசதி, போனில் தேதியும் தொகையும் பதிவாகி இருக்கிறது. இரவில் அதைப் பார்த்து நோட்டில் ஏற்றிவிடலாம்.

அந்தக் குமாஸ்தா வீட்டில் மூன்று மாதக் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷன் வாசலில் வடா பாவ், கட்டிங் சாய் நாளைக்கு 40 ரூபாய். 25 நாளைக்கு ரூ.1,000. போனில் ஆர்டர் செய்து வரவழைத்த சாப்பாடு மாதம் நாலு தடவை, ரூ.1,200. மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குவதால் விலை கேட்க வாய் வராமல் போனது சுமார் ரூ.600. பற்று வைத்த கடையில் எவரும் பேரம் பேசுவதில்லையே!

வடா பாவை அடியோடு நிறுத்தச் சொல்வது அநியாயம். ஒன்றரை மணி நேரம் தொங்கிக்கொண்டு வருகிற மனிதனுக்கு அதுதான் ராஜ போஜனம். பாதியாகக் குறைத்தால் ரூ.500. வெளிச் சாப்பாட்டை மாதம் ஒரு தடவை ஆக்கினால் ரூ.900. மளிகையைப் பட்டியல் போட்டு ரொக்கத்துக்கு வாங்கினால் ரூ.600. கூட்டினால் ரூ.2,000.

கை வைக்கக்கூடாத இடம்

ஊரில் தாயாருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகள் படிப்பு, மருந்து, பால் இவற்றில் கை வைத்துக் கடனை அடைப்பது சிக்கனம் ஆகாது.

மாதக் கணக்கில் சிக்காத செலவுகளும் உண்டு. ஜூனில் பள்ளிக் கட்டணம், கணபதிக்கு வசூல், ஊர்க் கோவில் கொடைக்கு வரி, கோடை லீவில் நாலு பேருக்கு ரயில் டிக்கெட். எல்லாம் வருடா வருடம் தவறாமல் வருகிறவைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடீரென்று வந்ததுபோல் கைமாற்று வாங்குகிறோம். இவற்றை மொத்தமாகக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனியாக ஒதுக்க வேண்டும்.

அந்தக் கைமாற்றைத்தான் முதலில் அடைக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். அதை வைத்துக்கொண்டு எட்டரை சதவீதக் கடனை முன்கூட்டி அடைப்பது தலைகீழ் வேலை. நகைக் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் அப்படித்தான். மூன்று மாதச் செலவுக்கான பணமும் தனியாக இருக்க வேண்டும். கடனில் கட்டிய பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்குத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

வட்டிக்கு வருமான வரிச் சலுகை இருக்கிறதே, ஏன் அவசரப்பட வேண்டும் என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அந்தக் கழிவு பழைய வரி முறையில்தான், அதுவும் வருடத்துக்கு ரூ.2 லட்சம் வரைதான். புதிய முறையில் இல்லை. சலுகை இருந்தாலும், முப்பது காசு வரியை மிச்சம் பிடிக்க ஒரு ரூபாய் வட்டி கட்டுவது என்ன கெட்டிக்காரத்தனம்?

பேங்கில் கேட்க வேண்டியது

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் பேங்க் அபராதம் வசூலிக்கக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டுவிட்டது. கூடுதல் பணம் கட்டும்போது எழுத்து மூலம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: “இதை அசலில் கழித்து, தவணைக் காலத்தைக் குறையுங்கள்.” சொல்லாவிட்டால் மாதத் தவணையைக் குறைத்துவிடலாம், அல்லது அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துவிடலாம். புதிய தவணைப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும்.

தீபாவளி போனசும் உதவும். இதே கடனில் முதல் வருட முடிவில் ஒரே தடவை ரூ.50,000 கட்டினால், கடைசியில் பதின்மூன்று தவணைக்கு மேல் அடிபட்டுப் போகிறது.

2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. அப்போது மாதத் தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்த பலருக்கு, தவணைக் காலம் நீண்டுபோனது பிறகுதான் தெரிந்தது. அதன் பின், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பேங்க் புதிய விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும். இதுவரை கழிந்த அசல், வட்டி, மீதித் தவணை எத்தனை என்ற கணக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிடைக்க வேண்டும். அந்தத் தாளை நோட்டிலேயே ஒட்டிவைத்தால், வீட்டில் மிச்சம் பிடித்தது அங்கே கழிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2025-ல் ரெப்போ பல முறை குறைந்தது. அப்படி வட்டி இறங்கும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாமல் பழைய தொகையையே கட்டினால், அதுவும் காலத்தை வெட்டும்.

கடைசித் தவணை கட்டிய பிறகு 30 நாளில் அசல் பத்திரங்களைப் பேங்க் திருப்பித் தர வேண்டும். பேங்க் காரணமாகத் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. எனவே கடன் வாங்கும்போது என்னென்ன பத்திரம் கொடுத்தோம் என்ற பட்டியலை, அதே கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது நல்லது.